பதினோராம் படி

அன்று காலையில் ஜீவமணி புருஷன் எழுதிய கட்டுரையின் கடைசிப் பத்தியைச் சிவப்பு மசியால் குறுக்கே அடித்தாள். சாதாரணமாகச் செய்த கடைசி வேலை அதுதான். அடுப்பில் பால் பொங்கியது, பக்கத்து வீட்டில் ரேடியோ கரகரத்தது, மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான். இன்னது கடைசி என்று யார் வந்து சொல்கிறார்கள்.

ஜெயசிங் எதிரே உட்கார்ந்து ரஸ்க்கை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"என்னளா, முழுசா அடிச்சிட்டே?"

"முதல் எட்டுப் பக்கம் நீங்க எழுதினது. இது கோயில் பிரசங்கம். 'நாம் அனைவரும் ஒன்றுகூடிப் பாடுபடுவோமாக'ன்னு முடிச்சா, கேட்டவன் ஆமென்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவான்."

"நீதானே பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் குடுக்கே?"

"அது பரீட்சைக்கு. பத்துக்கு ஏழு வாங்கிரலாம்."

"அப்போ எனக்கும் ஏழு போடு."

"அத்தான், உங்களுக்குத் துறையில படி வேணுமா, மார்க்கு வேணுமா?"

அவன் ரஸ்க்கின் நனையாத பாதியைத் தட்டில் திரும்ப வைத்தான். தாடை வலிக்கிறது, தூக்கத்தில் பல்லைக் கடித்துவிட்டேன் போல என்றான். "உங்க எழுத்தை நீங்களே மென்னு பாத்திருப்பீய" என்றாள் ஜீவமணி. சிரிக்க வாயைத் திறந்தவனுக்கு முழுதாகத் திறக்க வரவில்லை. அதையும் ஒரு வேடிக்கையாகக் காட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"சாயந்தரம் வந்து மாத்தி எழுதுதேன், டீச்சர்" என்றான் வாசலில்.

மத்தியானம் இரண்டு பேர் அவனைத் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து ஜீவமணியைக் கூப்பிட்டது. காயம் ஏதும் பட்டதா என்று டாக்டர் கேட்டபோது அவளுக்கு முதலில் ஒன்றும் நினைவு வரவில்லை. பிறகுதான் அவனுடைய உள்ளங்காலைக் காட்டினாள். ஒன்பது நாளைக்கு முன்னால் நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, குறுக்குப் பாதையில் உடைமரத்து முள் ஒன்று செருப்பைத் தாண்டி ஏறியது. ஜெயசிங் அதைத் தானே பிடுங்கி, தீக்குச்சி நீளம் இருக்கிறது பார் என்று அவளிடம் காட்டினான். டாக்டர் டெட்டனஸ் என்றார். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது என்று ஒரு இருட்டறையில் போட்டார்கள். தாடை பூட்டிக்கொண்டது. இரண்டாம் நாள் அவன் அவளைப் பார்த்து விரல்களை எழுதுவதுபோல அசைத்தான். பென்சிலைக் கொடுத்தாள். பிடிக்கும் முன்பே உடம்பு வில்லாக வளைந்தது. நர்ஸ் அவளை வெளியே அனுப்பிவிட்டாள். நாலாம் நாள் முடிந்துபோயிற்று.

எழுத நினைத்தது என்ன என்று அவளுக்குத் தெரியாது. தண்ணீர் என்று எழுத நினைத்திருக்கலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, மார்ச் மாதம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்துகொண்டிருந்த பருவம். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் துக்கம் கேட்டுவிட்டு, தெருமுனையில் நின்று இன்றைக்குச் சிப்பி எத்தனை வந்தது என்று பேசிவிட்டுப் போனார்கள். அவர்கள்மீது அவளுக்குக் கோபம் இல்லை. ஜெயசிங்காக இருந்தாலும் அதைத்தான் பேசியிருப்பான்.

மாதக் கடைசியில்தான் அந்த ஒன்பது பக்கங்களையும் வெளியே எடுத்தாள்.

கரைத் தொழிலாளர் வாசிப்புச் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதன் பத்தாம் ஆண்டு விழாவுக்கு ஒரு கட்டுரைப் போட்டி. 'நமது துறைமுகத்துக்கு முதலில் வேண்டியது எது? கேட்பவர் மறுக்க முடியாதபடி எழுதுக.' தேறும் மூன்று கட்டுரைகளைப் படகுத்துறைக் குழுவின் முன்னால் வாசிப்பார்கள். துறையில் ஒரு கல்லை நகர்த்தவேண்டும் என்றாலும் அந்தக் குழுதான் நகர்த்தவேண்டும். ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தை எழுதினார்கள். கப்பல்கள் ஐந்து மைல் தள்ளி நிற்கின்றன, அவை கரையை ஒட்டி வந்து நிற்க ஆழமான துறைமுகம் வேண்டும் என்று. ஜெயசிங் மட்டும் இரண்டு படிகள் வேண்டும் என்று எழுதினான்.

கப்பலிலிருந்து படகில் இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் அவன். தினமும் போக, வர, தென்கோடிப் படித்துறைதான் அவனுக்கு. கரைச்சுவரிலிருந்து கடலுக்குள் இறங்கும் கல்படிகள். ஒரு காலத்தில் பதின்மூன்று இருந்தன. ஒரு புயலில் அடிப்படிகள் இரண்டைக் கடல் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் பதினொன்று. தண்ணீர் ஏறியிருக்கும்போது ஒன்றும் தெரியாது. வற்றியிருக்கும்போது கடைசிப் படிக்கும் படகுக்கும் இடையில் மூன்றடி பள்ளம். இறங்குகிறவன் குதிக்கவேண்டும். ஏறுகிறவன் முதுகுச் சுமையோடு தாவவேண்டும். இரண்டு வருஷமாக அங்கே விழுந்தவர்களை அவன் ஒரு பாக்கெட் நோட்டில் குறித்து வைத்திருந்தான். நாற்பத்தொரு பேர். அதில் முதல் பெயர் மரியான்.

எட்டுப் பக்கமும் நன்றாக இருந்தன. அதுதான் ஜீவமணிக்கு எரிச்சல். மரியானைப் பற்றி எழுதிய இடத்தை அவள் நாலு தடவை வாசித்தாள். 'ஒன்பது பாகம், அதாவது ஐம்பத்துநாலு அடி ஆழத்துக்குக் காலில் கல்லோடு இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பியை அள்ளி, உயிரோடு மேலே வந்த மனிதன், கரைக்கு வந்து மூன்றடி உயரத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான்.' மூட்டைகளை எண்ணுகிறவனுக்கு இப்படி எழுதத் தெரியும் என்று பதினான்கு வருஷத்தில் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது அவளுடைய சிவப்புக் கோடு.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோட்டுக்கு அடியில் எழுத்துகள் தெரிந்தன. 'ஆகவே', 'ஒற்றுமை', 'கடலும் கரையும் உள்ளளவும்', 'பாடுபடுவோமாக'. செத்துப்போனவன் எழுதியது என்பதால் அது நன்றாக ஆகிவிடும் என்று அவள் கொஞ்சம் நம்பினாள். ஆகவில்லை. அதே பிரசங்க வாசனைதான். நாசரேத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் இந்த நோய் உண்டு. மூன்று தலைப்பாகப் பேசி, கடைசியில் எல்லோரையும் எழுப்பி நிறுத்தி, ஆசீர்வாதம் சொல்லி அனுப்பினால்தான் முடித்ததுபோல இருக்கும். அவளுக்கும் உண்டு. போதாததற்கு, பதினாறு வருஷமாகப் பெண் பிள்ளைகளுக்கு அவளே அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள்: சொன்னதைத் தொகு, நன்மையைக் காட்டு, வாழ்த்தி முடி.

சங்கத்தின் செயலாளர் சங்கரலிங்கம், சின்ன அச்சாபீஸ் வைத்திருந்தார். விரல்களில் எப்போதும் மை. துக்கத்துக்கு வந்தபோதே கட்டுரையைப் பற்றிக் கேட்கத் தயங்கிவிட்டுப் போனவர், ஏப்ரல் முதல் வாரத்தில் மறுபடி வந்தார்.

"டீச்சரம்மா, பதினஞ்சாந் தேதி கடைசி. ஐயா பேருலயே இருக்கட்டும். ஆனா முடிவுரை இல்லாம ஏத்துக்க மாட்டாவ. விதி போட்டிருக்கு."

"விதி போட்டது நீங்கதானே அண்ணாச்சி."

"அதனாலதான் மீற முடியல."

"அவியளே ஒண்ணு எழுதியிருந்தாவ. நான் அடிச்சிட்டேன்."

சங்கரலிங்கம் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். "அடிச்சது சரிதான்" என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்காகச் சொல்லல" என்று சேர்த்தார்.

அன்றிலிருந்து அவள் எழுதினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கறுத்த சமையல் மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். முதலில், எட்டுப் பக்கத்தில் சொன்னதை எட்டு வரியில் தொகுத்தாள். வாசித்தபோது, ஏற்கெனவே சாப்பிட்டு எழுந்தவனுக்கு மறுபடி இலை போட்டதுபோல இருந்தது. கிழித்தாள். அடுத்து, இன்றே செய்யாவிட்டால் நாளை என்னவெல்லாம் ஆகும் என்று பயம் காட்டி எழுதினாள். பயம் காட்டுகிறவளுக்கே பயம் வரவில்லை. மூன்றாவதில் மரியானின் பெண்டாட்டி பிள்ளைகளைக் கொண்டுவந்து அழவைத்தாள். மரியானுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது பாதியில்தான் நினைவு வந்தது.

வாக்கியங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றும் கடைசியில் 'நாம் அனைவரும்' என்ற இடத்துக்கு வந்து நின்றது. அனைவரும் என்றால் யார்? அவள் சத்தமாகவே கேட்டாள். இரண்டு கல்லைக் கொண்டுவந்து வைக்கவேண்டியவர்கள் அனைவருமா? நானும் பக்கத்து வீட்டுக்காரியும் கடப்பாரை எடுத்துக்கொண்டு போகிறோமா? அனைவரும் என்று சொன்னால் ஒவ்வொருவனும் தனக்குப் பின்னால் நிற்பவனைத் திரும்பிப் பார்ப்பான். இதைத்தான் அன்று காலை ஜெயசிங்கிடம் சொல்லியிருக்கவேண்டும். அவள் சொன்னதெல்லாம் பிரசங்கம் என்ற ஒரு வார்த்தை. எது சரியில்லை என்று சொன்னவள், எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. வகுப்பிலும் அவள் அப்படித்தான். பிள்ளைகள் நோட்டுகளின் ஓரத்தில் 'முடிவு பலவீனம்' என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுப்பாள்.

பதினொன்றாம் தேதி அவளே அச்சாபீஸுக்குப் போனாள்.

"வரல அண்ணாச்சி."

சங்கரலிங்கம் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த தட்டை ஒதுக்கிவைத்தார். எழுந்து கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு சொல்லுதேன். தப்பா நினைக்கக் கூடாது. ஐயா போனது எதனால?"

"உங்களுக்குத் தெரியுமே."

"முள்ளு. அதையே ஒரு ஆணின்னு வைங்க. படித்துறையில குத்தின ஆணி. படி கேட்டு எழுதினவரே அந்தப் படியாலதான் போனாருன்னு கடைசி வரியில சொன்னா, குழுவில ஒருத்தன் வாய் திறக்க மாட்டான். அன்னைக்கே கல்லு இறங்கிரும்."

"அது பொய்யில்லியா?"

"முள்ளு, ஆணி. ரெண்டும் குத்துததுதானே. அவரு ஆசைப்பட்டது நடந்திரும் பாருங்க. நான் வேற யாருட்டயும் சொல்லமாட்டேன்."

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றுவதற்குள் அதை எழுதி முடித்துவிட்டாள். ஆறு வரி. ஒரு அடித்தல் இல்லை. 'இக்கட்டுரையை எழுதியவர் இதை முடிக்கவில்லை' என்று தொடங்கி, துருப்பிடித்த ஆணி, பூட்டிய தாடை, இருட்டறை, எழுத முயன்ற விரல்கள் என்று போய் நின்றது. தன் வாழ்நாளில் அவள் எழுதியதில் அதுதான் சிறந்தது. வாசித்துவிட்டு அவள் அழுதாள். நாற்பது நாளில் அவளை யாரும் அப்படி அழவைக்கவில்லை. பிறகு முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி வாசித்தாள். ஒவ்வொன்றும் உண்மை, அந்த ஆணியைத் தவிர.

மறுநாள் காலையில் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு படித்துறைக்குப் போனாள். ஆணி இருந்துவிட்டால் பாதிப் பொய்தானே என்று ஒரு நினைப்பு.

மரியான் அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த படகின் நிழலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். நாற்பது வயது இருக்கும். இடுப்பு ஒடிந்தபின் கடலுக்குள் போவதில்லை. படகுகளுக்குக் காவல், தண்ணீர் இறைப்பது, கயிறு பார்ப்பது என்று பிழைப்பு. எழுந்திருக்க முயன்றவனை அவள் கையமர்த்தினாள்.

"கிளார்க்கய்யா எழுதினதக் குடுத்தாச்சா டீச்சர்? என் பேரு அதுல இருக்குன்னாவ."

"முதல் பேரே நீங்கதான்."

"முத்தெடுத்தப்ப எவனும் எழுதல. விழுந்ததுக்குப் பேரு வந்திருக்கு."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "மரியான், இந்தப் படியில எங்கயாவது ஆணி இருக்கா?"

"ஆணியா? கல்லுலயா? எதுக்கு?"

அவள் சொன்னாள். சொல்லிவிட்டு அந்த ஆறு வரியையும் வாசித்துக் காட்டினாள். அவன் முறுக்கிய கயிற்றை விரலில் சுற்றியபடி கேட்டான். முடிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டான்.

"நல்லாத்தான் இருக்கு.  ஆனா டீச்சர், ஆணி குத்தினா செருப்புல்லா கேக்கணும். படி எதுக்கு?"

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"ரெண்டு படி கூடக் கட்டினா ஆணி குத்தாதா? குழுவுல ஒருத்தனுக்கு மூளை இருந்தாலும் இதைக் கேப்பான். ஒருத்தனுக்கும் இல்லன்னு வைங்க. அப்பவும் ஆணி எங்கனன்னு பாக்க ஒருத்தன் இங்கன வருவான். ஆணி இல்ல. அப்போ கிளார்க்கு பொண்டாட்டி சொன்னது பொய். பொறவு நான் விழுந்ததும் பொய்யாயிரும். நாப்பத்தோரு பேரும் தூங்குத இடத்துல உருண்டு விழுந்தவனாயிருவான். அவிய செத்ததுக்குப் பாவம் பாத்து, என் இடுப்பைக் கொண்டு கடல்ல போட்டுறாதீய."

சிரித்துக்கொண்டே சொன்னான். ஆனால் கயிற்றை இறுக்கிய விரல் வெளுத்திருந்தது.

ஜீவமணி தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் படிகளில் இறங்கினாள். பதினான்கு வருஷம் புருஷன் இறங்கிய படி. அவள் ஒருநாளும் இறங்கியதில்லை. எண்ணிக்கொண்டே போனாள். எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றில் பாசி. கீழே ஒரு காலிப் படகு, கல்லில் இடித்து இடித்து விலகிக்கொண்டிருந்தது. அடுத்த படி இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எட்டுப் பக்கம் நாலு தடவை வாசித்தவள். ஆனாலும் வலது கால் தானாகவே நீண்டு, இல்லாத பன்னிரண்டாம் படியைத் தேடியது.  சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"குதிங்க டீச்சர், நான் பிடிக்கேன்" என்று மேலேயிருந்து மரியான் சொன்னான்.

"நீங்க பிடிச்சா ரெண்டு பேரையும் சேர்த்து எழுதணும்."

"நாப்பத்து ரெண்டு, நாப்பத்து மூணு" என்றான் அவன்.

அவள் மேலே ஏறி வந்தாள்.  "தண்ணி எப்பல்லாம் இப்படி வத்தியிருக்கும்?" என்று கேட்டாள்.

"அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இதைவிட வத்தும். காலம்பற ஏழு மணிக்குப் பாத்தா அடிப் பாறை தெரியும். மத்தியானம் பன்னெண்டு, ஒண்ணுக்கெல்லாம் ஏறி வந்திரும். அப்ப படிக்கும் படகுக்கும் ஒரு சாண் இருக்காது. பச்சப் பிள்ளைகூட இறங்கிரும்."

"அடுத்த அமாவாசை?"

"இந்த மாசம் முப்பது."

அங்கேயே, கவிழ்த்த படகின் முதுகில் தாளை வைத்து எழுதினாள்.

'இதுவரை எழுதியதை நம்பவேண்டாம். குழு உறுப்பினர்களில் யாரேனும் ஒருவர், ஏப்ரல் முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தென்கோடிப் படித்துறைக்கு வரவேண்டும். பதினோராம் படியில் நின்று, கீழே இருக்கும் படகில் ஒருமுறை இறங்கவேண்டும். கையில் சுமை வேண்டியதில்லை. இறங்கியபின், படி வேண்டுமா வேண்டாமா என்று அவரே இந்தக் கட்டுரையின் முடிவை எழுதட்டும்.'

சங்கரலிங்கம் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"முடிவுரையில தேதியும் மணியும் போட்டு யாராவது எழுதுவாவளா? கல்யாணப் பத்திரிகை மாதிரில்லா இருக்கு."

"பத்திரிகை வச்சாத்தானே அண்ணாச்சி வருவாவ."

"அந்த ஆணி?"

"அது என்கிட்டயே இருக்கட்டும்."

அவர் மையான விரலால் தலையைச் சொறிந்துகொண்டார். தாளைக் கட்டுரையின் கடைசியில் வைத்துத் தைத்தார்.

இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை கூட்டம் நடந்தது. ஆழமான துறைமுகத்துக்கு முதல் இடம், ஆழமான துறைமுகத்துக்கே இரண்டாம் இடம், படிகளுக்கு மூன்றாம் இடம். சங்கரலிங்கமே வாசித்தார். கடைசிப் பத்திக்கு வந்தபோது கைகளில் விசிறிகள் நின்றன. முன்வரிசையில் இருந்த குழுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தால் வேலையைத் தள்ளிவிட ஆள் இல்லை. ஊரே அங்கே உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழுவின் தலைவர் செல்வதுரை எழுந்து, "நானே வாரேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த முடிவுரை வேலை செய்துவிட்டது. வீடு வரைக்கும் அவள் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். பூட்டைத் திறந்தபின்தான், உள்ளே சொல்லுவதற்கு ஆள் இல்லை என்பது உறைத்தது.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கெல்லாம் அவள் படித்துறையில் இருந்தாள். மரியான் படகைச் சரியாகப் பதினோராம் படிக்குக் கீழே கட்டியிருந்தான். அடிப் பாறை தெரிந்தது. முழுசாக மூன்றடி, அதற்கு மேலும் கொஞ்சம். இதைவிட நன்றாக யாரும் எழுத முடியாது என்று நினைத்தாள். ஏழு மணி ஆயிற்று. கடலுக்குப் போக வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குதித்துப் போனார்கள். எட்டாயிற்று. பாறையின் மேல் தண்ணீர் வந்தது. ஒன்பதுக்கு மரியான் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினான்.  பத்துக்கு சங்கரலிங்கம் வந்து, தலைவர் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். படகு மேலே மேலே வந்துகொண்டிருந்தது. ஜீவமணி படியையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பரீட்சை எழுதுகிற பிள்ளையின் கையிலிருந்து யாரோ விடைத்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பதுபோல இருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கார் வந்தது.

செல்வதுரை வெள்ளைப் பேன்ட், வெள்ளை ஷூ. கூட இரண்டு உறுப்பினர்கள். வணக்கம் சொல்லிவிட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி படிகளில் இறங்கினார். பதினோராம் படியில் நின்றார். படகு ஒரு சாண் கீழே ஆடிக்கொண்டிருந்தது. மாடிப்படி இறங்குவதுபோல ஒரு காலை வைத்தார், மறு காலை வைத்தார். படகில் நின்று மேலே பார்த்தார்.

"எங்க டீச்சரம்மா குறை?"

"ஏழு மணின்னு எழுதியிருந்தது ஐயா."

"காலம்பற வேற ஒரு கூட்டம். எல்லாருக்கும் தோதுப்படணும்ல."

"தண்ணிக்கு ஒரு தகவல் அனுப்பியிருந்தா, ஐயா வார வரைக்கும் ஏறாம நின்னுருக்கும்" என்றான் மரியான்.

உறுப்பினர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, சிரிக்கக் கூடாதோ என்று நிறுத்திக்கொண்டார். செல்வதுரை அவனைப் பார்க்கவில்லை. ஷூவில் தண்ணீர் படாமல் படியேறி வந்து, அவள் முன்னால் நின்று, தணிந்த குரலில் சொன்னார்.

"ஒண்ணு சொல்லணும் டீச்சரம்மா. கட்டுரை நல்லா இருந்தது. அதுலயும் அந்த முடிவு ரொம்ப நல்லா இருந்தது."

மனசாரத்தான் சொன்னார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. கார் போனபின், கைப்பையைத் திறந்து அந்த ஆறு வரியை எடுத்தாள். துருப்பிடித்த ஆணி. இதை அனுப்பியிருந்தால் இந்நேரம் கல் இறங்கியிருக்குமோ என்று நினைத்தாள். அப்படி நினைக்கவில்லை என்று அவள் பிறகு ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. மரியான் பக்கத்தில் நின்றான். அவன் முன்னால் அதைக் கிழிக்கவும் வெட்கமாக இருந்தது, வைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது.

"அடுத்து பௌர்ணமி" என்றான் மரியான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அந்தப் பௌர்ணமிக்குத் தேதியும் மணியும் போட்டுக் குழுவுக்கு ஒரு கார்டு எழுதினாள். அதற்கடுத்த அமாவாசைக்கும் எழுதினாள். எழுத எழுத வரிகள் குறைந்தன. கடைசியில் தேதி, மணி, இடம் மட்டும் மிஞ்சியது. பதில் வந்தது. பரிசீலனையில் இருக்கிறது என்று வந்தது. செல்வதுரைக்குப் பின் வேறொருவர் தலைவரானார். அவரும் ஒருநாள் வந்தார், பதினோரு மணிக்கு. நாலைந்து வருஷத்தில் முத்துக்குளிப்பு நின்றது. பிறகு ஊர் கேட்ட ஆழமான துறைமுகமும் வந்து, கப்பல்கள் கரையை ஒட்டி நின்றன. தென்கோடிக்கு மீன் படகுகள் மட்டும் வந்துபோயின. அவற்றில் வந்தவர்களும் குதித்தார்கள்.

வகுப்பில் அவள் கரும்பலகையில் எழுதுவதை மாற்றினாள். யார், என்ன, எப்போது என்று மூன்று சொல் எழுதிப் போட்டாள். பரீட்சையில் அதற்குப் பத்துக்கு ஐந்துதான் வந்தது.

ஒன்பதாம் பக்கம் அவளிடம் இருக்கிறது. சிவப்பு மசி மங்கிப் பழுப்பாகிவிட்டது, அடியில் இருக்கும் நீல எழுத்து அவ்வளவு மங்கவில்லை. இப்போது வெளிச்சத்தில் பிடிக்காமலே வாசிக்கலாம். நாம் அனைவரும் ஒன்றுகூடிப் பாடுபடுவோமாக. இப்போதும் அது நன்றாக இல்லை.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் படித்துறைக்குப் போனாள். மேலேயிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினாள். படிகள் பதினொன்று.